சங்குமுகத்தில் மணல் எங்கே போனது? கடலோரப் பூங்கா ஒன்றின் கணக்கு

குமரி மாவட்டத்துக்காரர்கள் திருவனந்தபுரத்துக்குப் போவது பெரும்பாலும் மூன்று காரியங்களுக்காக: மெடிக்கல் காலேஜ், பத்மநாபசுவாமி கோயில், ஏர்போர்ட். எதற்குப் போனாலும், திரும்பும் ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ நேரம் மிச்சமிருந்தால் போய் உட்காரும் இடம் சங்குமுகம் கடற்கரை. 2011-ல் சாக்கை பக்கம் புதிய பன்னாட்டு முனையம் திறக்கும்வரை, வளைகுடாவுக்குப் போகிறவர்களையும் சங்குமுகம் பக்கத்து வாசலில்தான் கொண்டுபோய் இறக்கிவிடுவோம். தொண்ணூறுகளில் என் மாமா மஸ்கட்டுக்குப் போனபோது மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாடகை வேனில் பதினாலு பேர் போனோம். அவரை உள்ளே அனுப்பிவிட்டு, அத்தை அழுது ஓயட்டும் என்று பெரியவர்கள் கடற்கரைப் பூங்காவில் பொதிச்சோற்றைப் பிரித்தார்கள். பிள்ளைகள் நாங்கள் கடலைப் பார்த்து ஓடினோம். மணல் சுட்டது. பாதி வழியில் காலைத் தாங்க முடியாமல் திரும்பிப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தது இன்னும் நினைவிருக்கிறது. செருப்பு தேவைப்படுகிற அளவுக்குத் தூரம் இருந்தது.

இன்று அதே இடத்தில் நின்றால் அந்தத் தூரம் இல்லை. மழைக்காலத்தில் போனால் அலை கல்லில் மோதிச் சாலை வரை தெறிக்கிறது. போலீஸ் கயிறு கட்டி ஆட்களை நிறுத்துகிறது. கடற்கரைக்கு என்று வந்தவர்கள் எல்லாரும் பூங்காவிலேயே நிற்க வேண்டியதாகிறது.

கடலோரப் பூங்காவை எப்படி நன்றாக வைத்திருப்பது என்று பேச்சு வரும்போதெல்லாம் புல்வெளி, விளக்கு, இருக்கை, கழிவறை, பார்க்கிங் என்றே பேசுகிறோம். அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் எனக்குப் படுவது இதுதான்: கடலோரப் பூங்காவுக்கு உண்மையான வேலி அதற்கு முன்னால் கிடக்கும் மணல். மணல் இருக்கும்வரை மற்ற குறைகளை எல்லாம் சரிசெய்துவிடலாம். மணல் போய்விட்டால், எவ்வளவு செலவழித்துக் கட்டிய பூங்காவும் அடுத்த கடல்கொந்தளிப்புக்குக் காத்திருக்கும் இடமாகிவிடும். நம் நகரத் திட்டங்களில் பூங்காவுக்கு ஒரு வரைபடம் இருக்கிறது, சாலைக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. மணலுக்கு மட்டும் இடம் ஒதுக்கிய வரைபடத்தை நான் பார்த்ததில்லை.

கடலின் வருஷக் கணக்கு

பூங்கா வாசலில் கடலை வறுத்து விற்கும் அம்மா ஒருவர் எங்கள் குமரி மாவட்டத்து நித்திரவிளைப் பக்கத்துக்காரர். என் பேச்சைக் கேட்டதுமே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். மணலைப் பற்றிக் கேட்டேன். "முன்னெல்லாம் ஓணம் கழிஞ்சா மண்ணு தன்னால வந்திரும் மக்களே. இப்போ பாதிதான் வருது. சில வருஷம் அதுவும் இல்ல" என்றார்.

அவர் சொன்னதில்தான் இந்தக் கரையின் முழுக் கதையும் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அலைகள் உயரமாகவும் நெருக்கமாகவும் வந்து மோதும். அப்போது கரை மணலை அரித்து இழுத்துக்கொண்டு போய்க் கொஞ்சம் தள்ளி, கடலுக்கு அடியில் மேடாகக் குவித்துவைக்கும். மழை ஓய்ந்தபின் வரும் நீண்ட, மெல்லிய அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் கரைக்குக் கொண்டுவரும். மாசி, பங்குனியில் கரை அகலமாக இருக்கும், ஆடியில் ஒடுங்கிவிடும். திருவனந்தபுரம் கடற்கரையின் இயல்பே இதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மழைக்காலத்தில் கடலுக்குள் போகிற மணல் காணாமல் போவதில்லை. அங்கே மேடாகக் கிடந்து, பெரிய அலைகளைக் கரைக்கு வருமுன்பே உடைத்துவிடுகிறது. அதாவது கரை ஒடுங்குவதே கரையைக் காக்கிற ஏற்பாடு. அந்த ஏற்பாடு நடக்க அதற்கு இடம் வேண்டும். முன்னும் பின்னும் போய்வர முற்றம் வேண்டும். பிப்ரவரியில் கரை அகலமாகக் கிடக்கும்போது வந்து பார்த்து, இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று நடைபாதை போட்டு, மதில் கட்டி, விளக்குக் கம்பம் நட்டால், ஜூலையில் கடல் தன் முற்றத்துக்கு வரும்போது அங்கே நம் மதில் நிற்கும்.

மணல் கரையோடு சேர்ந்து பக்கவாட்டிலும் நகர்கிறது. பருவத்துக்குப் பருவம் திசை மாறும், வேகமும் மாறும். ஓர் ஊரின் மணல் இன்னோர் ஊரிலிருந்து வந்தது. அதனால்தான் ஒரு கடற்கரைப் பூங்காவின் கதி அதன் வேலிக்குள் தீர்மானமாவதில்லை. பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளி நடக்கும் ஒரு வேலையாலும் அது மாறும்.

இதற்கு நம் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் மெரினா. சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் சுவர் கட்டியபின் தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் அங்கே தடைபட்டுத் தேங்கியது. மெரினா இன்று இவ்வளவு அகலமாக இருப்பதற்கு அதுவே காரணம். வடக்கே ராயபுரம் பக்கம் கரை தேய்ந்தது. ஒரு கரை பெற்றதை இன்னொரு கரை இழந்தது. புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் வந்த துறைமுகச் சுவர்களுக்குப் பிறகு நகரத்தின் முன்னால் இருந்த மணல் முழுக்கப் போய், வெறும் பாறைக்கற்களே பல வருஷம் கிடந்தன. பிறகு தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த ஆப்பு வடிவ இரும்புக் கட்டுமானம் ஒன்றைக் கடலுக்குள் மூழ்கவைத்து, தலைமைச் செயலகத்துக்கு முன்னால் 2018, 2019 வாக்கில் கொஞ்சம் மணலை மீட்டார்கள். அங்கே பிள்ளைகள் மறுபடி விளையாடுவதைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. போன மணலைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதற்கு ஆராய்ச்சி, காலம், பெரும் பணம் எல்லாம் வேண்டும்.

சாலை விழுந்தது, சுவர் எழுந்தது

2017 நவம்பர் 30-ஐ எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஒக்கி புயல். குமரியிலும் திருவனந்தபுரத்திலும் கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்த இழப்புக்கு முன்னால் கரையைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சங்குமுகம் கரையின் சரிவு அதன்பின் வந்த வருஷங்களில்தான் எல்லார் கண்ணிலும் பட்டது. 2018 மழைக்காலத்திலிருந்து கடலோரச் சாலை கொஞ்சம் கொஞ்சமாக இடியத் தொடங்கியது. 2021 மே மாதம் அரபிக்கடலில் டவ்தே புயல் எழுந்தபோது, உள்நாட்டு முனையத்துக்குப் போகும் சாலை ஒரு நீளத்துக்கு அப்படியே கடலுக்குள் சரிந்தது. அதே மே மாதம் பக்கத்து வலியதுறையில் கடல்பாலமும் சாய்ந்தது. 1947-ல் கப்பல் மோதி இடிந்த பழைய பாலத்துக்குப் பதிலாக 1956-ல் திறந்த பாலம் அது. 2024 மார்ச்சில் அது இரண்டாக உடைந்து ஒரு பகுதி கடலில் விழுந்தது.

சாலையைத் திரும்பக் கட்டும்போது டயஃப்ரம் சுவர் போட்டார்கள். மண்ணுக்குள் ஆழமாகப் பள்ளம் தோண்டி அதற்குள்ளேயே வார்க்கும் கான்கிரீட் சுவர் அது. அடியில் மணல் அரித்துப் போனாலும் சாலை சரியாமல் தாங்கும். 2022 மார்ச்சில் போக்குவரத்து மறுபடி தொடங்கியது. விமான நிலையத்துக்குப் போகும் சாலையைத் துண்டாக விட்டுவைக்க முடியாது. ஆகவே சுவர் கட்டியதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுவர் காப்பாற்றுவது சாலையை. மணலை அல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பொதுமக்களுக்கு விளக்கப்படவில்லை.

கடினமான சுவரிலோ கற்குவியலிலோ மோதும் அலை, தன் வேகம் முழுவதையும் மணலில் இழப்பதுபோல் இழப்பதில்லை. திரும்பிப் போகும்போது சுவரின் காலடியில் இருக்கும் மணலையும் அள்ளிக்கொண்டு போகிறது. முன்னால் ஆழம் கூடுகிறது. ஆழம் கூடினால் அடுத்த அலை இன்னும் பெரிதாக வருகிறது. சுவர் முடிகிற இரண்டு ஓரங்களிலும் அரிப்பு கூடும். அப்போது அங்கேயும் சுவர் கேட்பார்கள். குமரிக் கடற்கரையில் சுனாமிக்குப் பிறகு இதை வரிசையாகப் பார்த்தோம். ஓர் ஊருக்குக் கல் போட்டால் அடுத்த ஊர் தங்களுக்கும் கல் வேண்டும் என்று சாலைமறியல் செய்யும். அந்த ஊர்க்காரர்களுக்கு வேறு வழியும் இல்லை. கடல் வீட்டு வாசலுக்கு வரும்போது யாரும் மணல் நகர்வைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

கல் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் மாவட்டத்தில் மலைகளை உடைத்து எடுக்கும் கல்லும் ஜல்லியும் களியக்காவிளை வழியாக ராப்பகலாகக் கேரளத்துக்குப் போகின்றன. சங்குமுகத்துக்குத் தெற்கே இருக்கும் விழிஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கும் தமிழ்நாட்டுக் கல் போனது. கனிமவள லாரிகளுக்கு எதிராக எங்கள் சாலைகளில் நடக்காத போராட்டம் இல்லை. அந்த லாரிக்குப் பின்னால் புழுதியில் பைக் ஓட்டிக்கொண்டு போகும்போது, சங்குமுகத்துக்கும் எங்களுக்கும் உள்ள உறவு வெறும் ஞாயிற்றுக்கிழமை உறவு இல்லை என்று தோன்றும். அங்கே கரை காக்கப் போடும் ஒவ்வொரு லோடும் இங்கே ஒரு குன்றின் பங்கு.

விழிஞம் துறைமுகத்தால்தான் வடக்கே கரை தேய்கிறதா என்ற கேள்வி இன்னும் சூடாகவே இருக்கிறது. 2015 டிசம்பரில் வேலை தொடங்கியது. 2022-ல் லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையில் மீனவர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். கட்டுமானத்தை நிறுத்திவிட்டுக் கடலரிப்பை ஆராய வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. துறைமுகத் தரப்போ புயல்களும் பருவநிலை மாற்றமும்தான் காரணம் என்கிறது. 2025 மே மாதம் துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. என் எண்ணம் இது: வலியதுறை, சங்குமுகம் கரைகளில் துறைமுகத்துக்கு முன்பே அரிப்பு உண்டு, ஆகவே எல்லாப் பழியையும் ஒரே சுவரின் மேல் போட முடியாது. ஆனால் ஏற்கெனவே தேய்கிற கரைக்குப் பக்கத்தில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளச் சுவர் எழுப்பும்போது, அதன் விளைவை வருஷா வருஷம் அளந்து, கரையில் வாழ்கிறவர்களின் மொழியில் அவர்கள் முன் வைக்கும் கடமை அரசுக்கு இருக்கிறது. ஓணத்துக்குப் பிறகு மணல் பாதிதான் வருகிறது என்பதை ஒரு கடலைக்காரம்மா கவனித்துச் சொல்ல முடிகிறபோது, அதற்கான அளவீடு எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டாமா?

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரைக்கோட்டை ஆராய்ந்தபோது, கேரளக் கரையில் ஏறத்தாழ 46 சதவீதமும் தமிழ்நாட்டுக் கரையில் ஏறத்தாழ 43 சதவீதமும் அரிப்பில் இருப்பதாகக் கண்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கும் இது பக்கத்து வீட்டுப் பிரச்சினை அல்ல.

ஒரு துண்டு நிலம், எத்தனை பேருக்கு

சங்குமுகத்தில் சுற்றிலும் பாருங்கள். பத்து நிமிட நடைக்குள் பூங்கா, கல்மண்டபம், கடலோரச் சாலை, விமான நிலைய மதில், மீனவர் குடியிருப்பு, வள்ளங்கள் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமை, ஒரு பழக்கம், ஓர் அலுவலகம். கடலோரப் பூங்காவைத் திட்டமிடுவதில் கடலுக்கு அடுத்த பெரிய சிக்கல் இதுதான்.

முதலில் ஆராட்டு. வருஷத்துக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி சங்குமுகம் கடலுக்கு நீராட வருகிறார். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர் உடைவாளோடு முன்னே நடக்க, ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்து வருகிறது. 1932-ல் விமான நிலையம் தொடங்குவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இருந்த வழி அது. ஓடுபாதை பிறகு வந்தது. அதனால் இன்றும் அந்த நாட்களில் சுமார் 5 மணி நேரம் விமானங்களை நிறுத்திவைக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு பெரிய பாடம் தெரிகிறது. பன்னாட்டு விமான நிலையம் ஒன்று தன் அட்டவணையை மாற்றிக்கொண்டு ஒரு பழைய வழிக்கு இடம் கொடுக்க முடிகிறது, வருஷா வருஷம், தவறாமல். அப்படியானால் கடல் வந்துபோகும் வழிக்கும் அதேபோல் இடம் கொடுப்பது நம்மால் முடியாத காரியம் அல்ல. ஆராட்டுக்கே மணல் வேண்டும். சாமியைக் கற்குவியலில் இறக்கி நீராட்ட முடியாது.

அப்புறம் மீனவர்கள். வெட்டுகாடு, கண்ணாந்துறை, கொச்சுதோப்பு, வலியதோப்பு, வலியதுறை, பீமாப்பள்ளி, பூந்துறை என்று நகரத்தின் மேற்கு ஓரம் முழுக்க அவர்கள் ஊர்கள். நகரம் கடற்கரை என்று சொல்லும் மணல் அவர்களுக்குக் கரைவலை இழுக்கும் களம், வள்ளம் ஏற்றிவைக்கும் முற்றம், வலை உலர்த்தும் திண்ணை. மணல் ஒடுங்க ஒடுங்க, மிச்சமிருக்கும் துண்டுக்காகச் சுற்றுலாவும் தொழிலும் நெருக்கியடிக்கின்றன. வீடு இழந்த குடும்பங்கள் வலியதுறைக் கிடங்குகளில் வருஷக்கணக்கில் தங்கியிருந்தன. கடலிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கிறவர்கள் உள்ளே போய்க் குடியேற 10 லட்ச ரூபாய் தரும் 'புனர்கேகம்' திட்டம் வந்தது. பலர் தயங்குகிறார்கள், அதுவும் நியாயமே. கடலைப் பார்க்க முடியாத இடத்தில் இருந்துகொண்டு கடல்தொழில் செய்வது எப்படி? ஒரு பக்கம் அவர்களை ஆபத்து என்று சொல்லிக் கரையைவிட்டு நகர்த்திக்கொண்டே, இன்னொரு பக்கம் அதே கரையில் உணவகம், மேடை, நிரந்தரக் கட்டடம் என்று வந்தால் அந்தத் திட்டத்தை யார் நம்புவார்கள்? பூங்காவுக்கு ஒரு நியாயம், குடிசைக்கு ஒரு நியாயம் என்றிருக்கக் கூடாது.

விமான நிலையத்துக்கும் தன் கவலைகள் உண்டு. விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் தூரத்துக்குள் பறவைகளை ஈர்க்கும்படி குப்பை கொட்டக் கூடாது என்பது விமான விதி. ஓடுபாதைக்கு இவ்வளவு பக்கத்தில் உணவுக் கடைகள், மீன் கழிவு, நிரம்பி வழியும் குப்பைத்தொட்டி எல்லாம் வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. எந்த மரம் நடலாம், எவ்வளவு உயரம் வளர விடலாம் என்பதில்கூட இந்தக் கணக்கு வந்து சேரும்.

சிற்பி கானாயி குஞ்ஞிராமனின் சாகரகன்யகாவைச் சொல்லாமல் இந்தப் பூங்காவைப் பற்றிப் பேச முடியாது. அவர் நம் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். மலம்புழையின் யட்சி சிலையைச் செய்தவர். சங்குமுகத்தில் 87 அடி நீளம், 25 அடி உயரத்தில் சாய்ந்து கிடக்கும் கடற்கன்னியைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செய்து முடித்தார். அவருக்கு அந்தச் சிற்பம் என்பது கான்கிரீட் உருவம் மட்டும் அல்ல. அதைச் சுற்றியுள்ள புல், மேடு, வெற்றிடம், வானம் எல்லாம் சேர்ந்ததுதான் சிற்பம். 2020 வாக்கில் விமானப்படையின் பழைய ஹெலிகாப்டர் ஒன்றை அதன் பக்கத்தில் காட்சிக்கு வைத்தபோது அவர் எதிர்த்தார். பிற்பாடு மாநில அரசின் கேரளஸ்ரீ விருதை ஏற்க மறுத்தபோதும், சங்குமுகம், வேளி, பையாம்பலம் ஆகிய இடங்களில் தன் சிற்பங்கள் சிதைக்கப்பட்டதையே காரணமாகச் சொன்னார். நான் அவர் பக்கம். பூங்காவில் ஒன்றும் இல்லாத இடம் தெரிந்தால் உடனே ஏதாவது வைத்தாக வேண்டும் என்ற பதற்றம் நம் அலுவலகங்களில் இருக்கிறது. பூங்காவுக்குள் வெற்றிடத்தை மதிக்கத் தெரியாதவர்கள் பூங்காவுக்கு வெளியே மணலை எப்படி மதிப்பார்கள்?

மாநகராட்சி, சுற்றுலாத் துறை, பொதுப்பணித் துறை, துறைமுகப் பொறியியல் துறை, விமான நிலையம், கோயில், கிறிஸ்தவத் தேவாலயப் பங்குகள். எல்லாரும் அவரவர் துண்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். புல்லுக்கு டெண்டர் உண்டு, சுவருக்கு டெண்டர் உண்டு. மணலுக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்.

புல்வெளியும் அடம்பும்

நெய்தல் நிலத்தைப் பாடிய நம் பழைய கவிகள் அடும்பையும் தாழையையும் புன்னையையும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். மணல்மேட்டில் படர்ந்து ஊதாப் பூப் பூக்கும் அடம்புக்கொடி, காற்றில் உருண்டோடும் முள்பந்து போன்ற ராவணன் மீசை. இவை வெறும் அலங்காரம் இல்லை. காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்தி மேடாக்குபவை இவைதான். அந்த மேடுதான் பெரிய அலை வரும் நாளில் கரைக்குக் கையிருப்பு. இந்தச் செடிகளுக்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆனால் பூங்கா என்றதும் நம் ஒப்பந்தக்காரர்கள் முதலில் செய்வது இவற்றைக் களை என்று அப்புறப்படுத்துவது. பிறகு செம்மண் கொண்டுவந்து கொட்டிப் புல் பதிப்பார்கள்.

புல்லுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால் அடியில் உப்புத் தண்ணீர் ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறும் என்பது நிலத்தடி நீரியலில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆக, பூங்காப் புல்லுக்காக ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் ஓடினால் அக்கம்பக்கத்துக் கிணறுகள் உப்பாகும். நகரக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால், குடிக்கத் தண்ணீர் கிடைக்காத தெருக்களுக்கு என்ன பதில் சொல்வது? சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்துவது ஒரு வழி. புல்வெளியைச் சிற்பத்தைச் சுற்றி மட்டும் வைத்துக்கொண்டு, கடல் பக்கம் முழுவதையும் அடம்புக்கும் ராவணன் மீசைக்கும், நிலப்பக்கம் புன்னைக்கும் பூவரசுக்கும் விடுவது இன்னும் எளிய வழி. சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையெல்லாம் சவுக்கு நட்டார்கள். சவுக்கு வேகமாக வளரும், காற்றைத் தடுக்கும், சரி. ஆனால் அதன் சருகு மெத்தைக்குக் கீழே அடம்பு பிழைப்பது கஷ்டம். மரம் நின்றுகொண்டிருக்கும், மணல்மேடு இருக்காது.

கழிவறை சின்ன விஷயமாகத் தோன்றும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, பூங்கா என்பதே அது இருக்கிறதா இல்லையா என்பதில்தான். ஆனால் நிலத்தடி நீர் இரண்டடி, மூன்றடியில் நிற்கும் மணலில் செப்டிக் டேங்க் வைத்தால் மழைக்காலத்தில் அது பொங்கி நேராக மணலுக்குள் இறங்கும். சாக்கடைக் குழாயோடு இணைக்க முடிகிற தூரத்தில், சாலைக்கு உள்பக்கம்தான் அது வர வேண்டும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட்டை வெடிக்கவைப்பதைக் கடப்புறத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விளக்குக் கம்பம், இருக்கை, ஊஞ்சல் எல்லாவற்றுக்கும் கடலிலிருந்து தள்ளி இருக்கும் பூங்காவைவிடப் பாதி ஆயுசுதான் என்று வைத்துக்கொண்டு பராமரிப்புக்குப் பணம் ஒதுக்க வேண்டும். திறப்புவிழாவுக்கு இருக்கும் பணம் மூன்றாவது வருஷம் இருப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991-ல் வந்தன, 2011-லும் 2019-லும் மாற்றப்பட்டன. உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது கடல் பெருகும்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை பொதுவாக இந்த விதிகளுக்குள் வரும். வளர்ந்த நகரப் பகுதிகளில், ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கம் கட்டலாம், கடல்பக்கம் கூடாது என்பது அடிப்படை. 2019 விதிகள் கடற்கரையில் குடில், கழிவறை, உடைமாற்றும் அறை போன்ற தற்காலிகச் சுற்றுலா வசதிகளை அனுமதிக்கின்றன, ஆனால் உயர் அலைக்கோட்டிலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. சில வருஷத்தில் சாலையையே விழுங்கிய கரையில் 10 மீட்டர் என்பது ஒரு மழைக்காலத்துக்குக்கூடக் காணாது. விதி தருவது குறைந்தபட்ச எல்லை. அதையே வடிவமைப்பின் அளவாக எடுத்துக்கொள்வது தவறு.

இன்னொரு ஆபத்து, மழையும் புயலும் இல்லாமலே வருவது. கள்ளக்கடல் என்று கேரளத்திலும் குமரியிலும் சொல்வோம். 2012-ல் யுனெஸ்கோவும் இந்தப் பெயரை அப்படியே ஏற்றுக்கொண்டது. தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலில் எழும் நீண்ட அலைகள், இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் கரையேறி வரும். பெரும்பாலும் சித்திரை, வைகாசி. அதாவது பள்ளி விடுமுறை, கடற்கரையில் கூட்டம் நிறையும் காலம். 2024 மே 6-ம் தேதி எங்கள் மாவட்டத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் போனது இப்படித்தான். இன்று கள்ளக்கடல் எச்சரிக்கை முன்கூட்டியே வருகிறது. அந்த எச்சரிக்கை மணலில் நிற்கும் மனிதனுக்குப் போய்ச் சேர வேண்டும். பூங்கா வாசலில் கொடி, ஒலிபெருக்கி, மூன்று மொழிப் பலகை, கூட்டத்தை உள்ளே வாங்கிக்கொள்ளப் போதுமான திறந்தவெளி. கடற்கரையை மூடும் நாளில் அங்கே வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் போக மாட்டார்கள், பூங்காவுக்குள்தான் வருவார்கள். அந்த நாளுக்கான கூட்டத்தை மனதில் வைத்துத்தான் பூங்காவின் அளவு, வாசல், சாலை எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டும்.

பூந்துறையில் ஜியோ டியூப் எனப்படும் பெரிய மணல் உறைகளைக் கடலுக்குள் இறக்கி அலையின் வேகத்தைக் குறைக்கும் முயற்சி நடந்திருக்கிறது. அதை வடக்கே சங்குமுகம் வரை கொண்டுவரும் யோசனையும் உண்டு. அது பலித்தால் நல்லது. மணல் வந்தபின் என்ன செய்வோம் என்பதை இப்போதே முடிவுசெய்து எழுதிவைக்க வேண்டும். வந்த மணலில் மறுபடி நடைபாதை போட்டால் பழையபடிதான் ஆகும்.

எங்கள் பக்கத்திலும் சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் என்று கடற்கரைகளை மேம்படுத்தும் பேச்சு அடிக்கடி வருகிறது. வரைபடம் போடுமுன் ஒரு வேலை செய்யலாம். ஆடி மாசம் ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை, கடல் வந்து நிற்கும் இடத்தில் கம்பு நட்டுச் சாலையிலிருந்து தூரத்தை அளந்து எழுதிவைக்க வேண்டும். பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கரைவலைக்காரர்களும் சேர்ந்தே செய்துவிடலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஐந்து வருஷ அளவு கையில் இருந்தால், பூங்காவின் மதில் எந்த இடத்துக்கு மேல் கடல்பக்கம் போகக் கூடாது என்று மாவட்ட நிர்வாகத்திடம் காகிதத்தோடு போய்ச் சொல்ல முடியும்.